நாற்பது ரூபாய்ச் சிவப்பு

சிந்தாமதார் பாய்
கொக்கியில் தொங்கிய பையிலிருந்து
ஒரு உருண்டையை உருவி என் கையில் போட்டார்.
"புதுச் சரக்கு. நாப்பதே ரூவா.
நல்லாருந்தா நாலு பேருட்ட சொல்லுங்க,
இல்லன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

மேலப்பாளையத்தில் அன்று நூற்று மூன்று டிகிரி.
இந்த வெயிலில் குல்லாய் நூல் வாங்குகிறவளை
எதிர்க்கடை சர்பத்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.
ஹைகிரவுண்டில் ஓர் அறை இருக்கிறது,
சித்திரையிலும் அங்கே சிலருக்குக் குளிரும்.
எல்லோரும் ஒன்றரைக் கிலோவுக்குள்.

காலையில் டியூட்டி முடியும் முன்,
பிள்ளைகளை நிறுக்கும் தராசைத் துடைத்து
உருண்டையை வைத்தேன்.
லேபிளில் நூறு கிராம், தராசில் தொண்ணூறு.
பாய்க்கு அது சில்லறைக் கணக்கு.
பத்து கிராம் என்பது எங்கள் அறையில்
ஒரு தாய் ராத்திரி முழுக்க விழித்திருந்து
கேட்டுவிட்டுப் போகும் செய்தி.

மருந்துக் கம்பெனி தந்த டைரியில்
தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.
உள்ளே இரண்டு முடிச்சு.
நாலு இழையில் ஒன்று
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சித்தப்பா போல
ஊசிக்கு அகப்படாமல் ஒதுங்கி நிற்கிறது.
வேகமாகப் போட்டால் கிறீச்சிடுகிறது.
மெழுகுவர்த்தியில் காட்டினேன்:
சாம்பலாகவில்லை, உருகிச் சுருண்டு
ஒரு மிளகாய் இறுகியது.
கையால் நசுக்க முடியவில்லை.

மூன்று முறை வெந்நீர், சவுக்காரம்.
சாயம் ஒரு சொட்டு இறங்கவில்லை,
கூடவே ஊறிய என் வெள்ளைக் கோட்டு சாட்சி.
கொடியில் போட்டுவிட்டுத் தோசை வார்த்து முடிப்பதற்குள்
காய்ந்திருந்தது.
இரண்டு துண்டை ஒன்றோடொன்று தேய்த்தேன்.
எண்பதாவது தேய்ப்பில் பொரிப்பொரியாய்க் கிளம்பியது.
உதட்டில் வைத்தேன், மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தேன்.
கழுத்தில் சுற்றிக்கொண்டு அரிசி களைந்தேன்.
வியர்வையைக் குடிக்கவில்லை.
அரை மணியில் அரித்தது.

தலைக்கு ஆகாது.
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மீதி உருண்டை பையிலேயே கிடந்தது,
சாப்பாட்டு டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில்.

மானூர்ப் பக்கத்து முப்பிடாதி
தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஒன்பதாவது நாளாகக் கண்ணாடிக் கதவோரம் நின்றாள்.
"எதுல சிஸ்டர் எம்புள்ள?"
"சன்னல் பக்கம், மூணாவது."
"நேத்து நடுவுலல்லா இருந்தான்?"
"இடம் மாத்திட்டாங்கம்மா."
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றவள் சொன்னாள்:
"எல்லாம் ஒண்ணுபோலக் கெடக்கு.
வேற யாரு பிள்ளையவோ பாத்து
அரை மணிநேரம் அழுதிருக்கேன்."

அன்று ராத்திரி மூன்று மணிக்கு
மானிட்டர்கள் சமாதானமாயிருந்த நேரம்
ஆறு சங்கிலி போட்டு வளையமாக்கி
ஐந்து இதழ் சுற்றினேன்.
பூ என்று சொல்ல முடியாது.
கொதிக்க வைத்து, உலர்த்தி,
வார்மரின் கம்பத்தில் உயரமாய்க் கட்டினேன்,
பிள்ளைமேல் படாத தூரத்தில்.
இன்சார்ஜ் சிஸ்டர் ஞானதீபம் நிமிர்ந்து பார்த்தார்,
கொதிக்க வச்சியா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் முப்பிடாதி
என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
கதவுக்குப் பத்தடி முன்னாலேயே
அவள் பார்வை போய் உட்கார்ந்துவிட்டது.
பக்கத்தில் நின்ற பெண் என் கையைத் தொட்டாள்.
"பச்சை இருக்குமாக்கா?"

டைரியில் நான் எழுதாத கேள்வி அது,
எவ்வளவு தூரத்திலிருந்து தெரியும் என்பது.

"எப்படிச் சரக்கு?" என்றார் பாய்.
அரிக்கும், பிரியும், பொரியும்.
குல்லாய்க்கு யார் கேட்டாலும் கொடுக்காதீங்க.
பச்சை எடுங்க, மஞ்சள், ஊதா,
எத்தனை நிறம் இருக்கோ அத்தனையும் எடுங்க.
அப்புறம், உருண்டைக்குப் பத்து கிராம் குறையுது பாய்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், நூலை ஒரு தரம்.
பிறகு கால்குலேட்டரை எடுத்து
உருண்டைக்கு நாலு ரூபாய் கழித்தார்.